எழுத்துக் கூட்டி வாசிப்போம்



கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாக வாசியுங்கள். முடிந்தால் வீட்டில் உம்மாவுக்கும் ராத்தாவுக்கும் வாசித்துக் காட்டுங்கள்.

போலி லிங்க் ஒன்றை நம்பி ஒருவர் காசை இழந்துவிட்டார் என்று கேள்விப்பட்டால், நம் ஊரில் முதலில் வரும் கேள்வி, "படிச்ச ஆள்தானே, பார்த்து அமத்தக் கூடாதா?" என்பதுதான். நாங்கள் பிள்ளைகளுக்கு வாசிப்புச் சொல்லிக்கொடுக்கும் ஆட்கள். அந்த அனுபவத்தில் சொல்கிறோம், இந்தக் கேள்வி பிழையானது. ஒரே மாதிரி இருக்கும் இணைய முகவரிகளை வைத்துச் செய்யும் திருட்டு, வாசிக்கத் தெரியாதவருக்கு விரித்த வலை அல்ல. சரளமாக வாசிக்கத் தெரிந்தவருக்கு விரித்த வலை.

எப்படி என்று சொல்கிறோம்.

தரம் ஒன்றுக்கு வரும் பிள்ளை முதலில் எழுத்துக் கூட்டித்தான் வாசிக்கும். "ப", "ட", "ம்" என்று விரல் வைத்து வைத்துப் போய் "படம்" என்று முடிக்கும். சில மாதம் கழித்து விரல் போய்விடும். எழுத்துகளைத் தனித்தனியாகப் பார்ப்பதும் போய்விடும். சொல்லின் தோற்றம், அதன் நீளம், முன்பின் உள்ள சொற்கள், இவ்வளவும் சேர்ந்து "இது படம்" என்று கண் முடிவு செய்துவிடும். கல்வியியற் கல்லூரியில் எங்களுக்கும் அதைத்தான் இலக்காகச் சொல்லித் தந்தார்கள். அந்த நிலைக்கு ஒரு பிள்ளை வந்துவிட்டால் சந்தோஷப்பட்டு, "சரளமாக வாசிக்கிறார்" என்று அறிக்கையில் எழுதுகிறோம்.

ஆனால் அந்தச் சரளத்துக்கு ஒரு விலை உண்டு. எழுத்து மாறியிருந்தாலும் கண் அதைச் சரியாகவே வாசித்துவிட்டுப் போகும். கலியாணக் காட் அடித்த வீட்டாருக்கு இது நன்றாகத் தெரியும். வாப்பா பார்ப்பார், மாமா பார்ப்பார், அச்சகக்காரரும் பார்ப்பார். ஐந்நூறு காட் அடித்து முடிந்த பிறகுதான் மாப்பிள்ளையின் பெயரில் ஒரு எழுத்து இல்லை என்று யாரோ ஒரு சின்னப் பிள்ளை சொல்லும். பார்த்த பெரியவர்கள் எல்லோரும் படித்தவர்கள்தான். அவர்களுடைய கண், இருக்க வேண்டிய எழுத்தைத் தானே போட்டுக்கொண்டது.

முகவரித் திருடன் பிழைப்பு நடத்துவது இந்த இடத்தில்தான்.

ஆங்கில எழுத்துகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஆர், என் இரண்டையும் நெருக்கி வைத்தால் போன் திரையில் எம் போலத் தெரியும். ஓ எழுத்தும் சைபரும் ஒன்று போலவே இருக்கும். சின்ன எல்லும் பெரிய ஐயும் பல எழுத்துருக்களில் ஒரே நேர்கோடுதான். 2000ஆம் ஆண்டிலேயே இப்படி ஒன்று நடந்தது. இணையத்தில் பணம் அனுப்ப உதவும் பேபால் நிறுவனத்தின் பெயரில் மக்களுக்கு மின்னஞ்சல்கள் போயின. அதில் இருந்த முகவரியில் கடைசி எழுத்து எல் அல்ல, பெரிய ஐ. இணைய முகவரியில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து என்ற வேறுபாடு கிடையாது. ஆகவே உண்மையில் அது "பேபாய்" என்ற வேறொரு தளம். பார்த்தவர் கண்ணுக்கு அது பேபால்தான்.

இன்னொரு வகை, நம் விரல் தவறும் வரை காத்திருப்பது. பிரபலமான தளங்களின் பெயர்களை மக்கள் எப்படியெல்லாம் பிழையாகத் தட்டச்சு செய்வார்கள் என்று யோசித்து, அந்தப் பிழைப் பெயர்களை எல்லாம் வாங்கி வைத்துக்கொள்வார்கள். அமெரிக்காவில் ஜோன் சுக்கரினி என்பவர் இப்படி ஆயிரக்கணக்கான பெயர்களை வைத்திருந்தார். டிஸ்னிலாண்ட் போன்ற, சிறுபிள்ளைகள் தேடும் பெயர்களில் இரண்டு எழுத்தை இடம் மாற்றி வைத்திருந்தார். பிள்ளை பிழையாக அடித்தால் போய்ச் சேரும் இடம் ஆபாசப் பக்கம். 2003இல் கைது செய்யப்பட்டு, அடுத்த வருடம் 30 மாதச் சிறைத் தண்டனை பெற்றார். எழுத்துப் பிழை விடுவது பிள்ளையின் இயல்பு. அந்த இயல்பின் மேல் ஒரு மனிதர் வியாபாரம் நடத்தியிருக்கிறார். ஆசிரியர்களாகிய எங்களுக்கு இதை நினைக்கும்போது வயிறு எரிகிறது.

மூன்றாவது வகைதான் மிகவும் நுட்பமானது. இணைய முகவரிகளை ஆங்கில எழுத்தில் மட்டுமல்ல, வேறு மொழி எழுத்துகளிலும் பதியலாம். அது நல்ல விடயம். நம் நாட்டுக்கும் 2010இல் "எல்கே"க்குப் பக்கத்தில் ".இலங்கை" என்று தமிழிலேயே ஒரு முடிவு கிடைத்தது. ஆனால் ரஷ்ய மொழியின் எழுத்துகள் சில ஆங்கில எழுத்தை அச்சாக ஒத்தவை. கண்ணுக்கு ஒன்று, கொம்பியூட்டருக்கு வேறு. 2002இல் இரண்டு ஆய்வாளர்கள், மைக்ரோசொப்ட் என்ற பெயரில் சி, ஓ ஆகிய எழுத்துகளுக்குப் பதில் ரஷ்ய எழுத்துகளைப் போட்டு அந்தப் பெயரைப் பதிந்தே காட்டினார்கள். 2017இல் சூடொங் ஜெங் என்பவர் இன்னும் ஒரு படி போனார். அப்பிள் என்ற பெயரின் எல்லா எழுத்துகளையும் மாற்று எழுத்தாகவே போட்டுப் பதிந்தார். குரோம், பயர்பொக்ஸ் இரண்டும் அதை "அப்பிள் டொட் கொம்" என்றே காட்டின. அவர் திருடவில்லை, எச்சரிக்கத்தான் செய்தார். அதன் பிறகு குரோமில் அதற்குத் திருத்தம் வந்தது. இப்போது இப்படிச் சந்தேகமான பெயர் வந்தால், அது எக்ஸ், என், இரண்டு சிறு கோடு என்று தொடங்கும் புரியாத எழுத்துக் கூட்டமாக முகவரிப் பட்டையில் தெரியும். அப்படி ஒன்றைக் கண்டால் திரும்பி வந்துவிடுங்கள்.

"எங்கட தமிழில் அப்படி இல்லையே" என்று நினைக்காதீர்கள். இதைப் பாருங்கள்: க, ௧. முதலாவது ககரம். இரண்டாவது தமிழ் எண் ஒன்று. எ, ௭. முதலாவது எகரம். இரண்டாவது தமிழ் எண் ஏழு. உ, ௨ என்பதும் அப்படித்தான், அது இரண்டு. இந்த வரியை வாசிக்கும்போது எத்தனை பேருக்கு வித்தியாசம் தெரிந்தது?

போன தவணையில் தரம் எட்டுப் பிள்ளைகளோடு ஒரு சின்ன விளையாட்டு விளையாடினோம். ஒரு தாளில் இருபது சோடி முகவரிகளை அச்சடித்து, போட்டோகொப்பி எடுத்துக் கொடுத்தோம். சில சோடிகள் ஒன்றேதான். சிலவற்றில் ஒரு எழுத்து மட்டும் வேறு. மாறியிருப்பதைச் சுழிக்க வேண்டும். வகுப்பில் எப்போதும் முதலில் கை தூக்கும் பிள்ளைகள் இரண்டு நிமிடத்தில் தாளைத் தந்துவிட்டார்கள். பாதியைத் தவறவிட்டிருந்தார்கள். வாசிப்பில் பின்தங்கியவர் என்று நாங்கள் தனியாகக் கவனிக்கும் மகன் ஒருவர் இருக்கிறார். அவர் மட்டும் இன்னும் விரல் வைத்துத்தான் வாசிப்பார். பாட நேரம் முடியும் வரை தாளை விடவில்லை. ஒன்றைத் தவிர எல்லாவற்றையும் பிடித்திருந்தார். வகுப்பே கைதட்டியது. அவருக்கு என்ன நடக்கிறது என்று முதலில் விளங்கவில்லை.

அந்த மகன் வாசித்த முறைதான் நம் எல்லோருக்கும் தேவை. புத்தகத்தை அப்படி வாசிக்க வேண்டியதில்லை. காசோ கடவுச்சொல்லோ கேட்கும் பக்கத்தின் முகவரியை மட்டும், தரம் ஒன்றுப் பிள்ளை போல விரல் வைத்து, எழுத்துக் கூட்டி வாசிக்க வேண்டும்.

எங்கிருந்து வாசிப்பது என்பதும் முக்கியம். நாம் இடமிருந்து வலமாக வாசித்துப் பழகியவர்கள். இணைய முகவரியின் சொந்தக்காரர் யார் என்று அறிய வலமிருந்து இடமாக வாசிக்க வேண்டும். ஓதும் பிள்ளைகளுக்கு இது புதிதல்ல. ஒரு புள்ளி கூடினாலோ குறைந்தாலோ எழுத்தே மாறிவிடும் என்று உஸ்தாத் சொல்லிக்கொடுத்ததும் அவர்களுக்கு நினைவிருக்கும்.

முறை இதுதான். முகவரியின் தொடக்கத்தில் இரண்டு சாய்கோடு இருக்கும். அதைத் தாண்டிப் போய், அடுத்து வரும் முதல் ஒற்றைச் சாய்கோட்டில் நிறுத்துங்கள். அதற்குப் பிறகு என்ன எழுதியிருந்தாலும் இப்போது பார்க்க வேண்டாம். நிறுத்திய இடத்திலிருந்து இடப்பக்கமாகத் திரும்பி வாருங்கள். முதலில் கொம், எல்கே போன்ற முடிவு வரும். அதற்கு முன் ஒரு புள்ளி. அந்தப் புள்ளிக்கு முன்னால் உள்ள பெயர்தான் சொந்தக்காரர்.

உதாரணமாக இப்படி ஒரு முகவரி வருகிறது என்று வைத்துக்கொள்வோம்: நம்வங்கி.எல்கே.உறுதிசெய்.கொம். இடமிருந்து வாசித்தால் "நம்வங்கி.எல்கே" என்று கண்டு மனம் ஆறிவிடும். வலமிருந்து வாசித்தால் சொந்தக்காரர் "உறுதிசெய்.கொம்". நம் வங்கிக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. காணி வளவு போல நினைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் தன் வளவுக்குள் எத்தனை அறையும் கட்டலாம். அறை வாசலில் "வங்கி" என்றோ "தபால் கந்தோர்" என்றோ போர்டு போடலாம். உறுதி யார் பெயரில் இருக்கிறது என்பதுதான் கேள்வி. இணையத்தில் அந்த உறுதி வலது பக்கத்தில் எழுதப்பட்டிருக்கிறது. ஆனால் சின்னப் போன் திரையில் நீளமான முகவரி முழுவதும் தெரிவதில்லை. அதனால்தான் திருடர்கள் முகவரியை நீட்டுகிறார்கள். முகவரிப் பட்டையைத் தொட்டு, விரலால் நகர்த்தி முழுவதையும் பாருங்கள்.

அரச நிறுவனங்களுக்கு ஒரு வசதி உண்டு. ஜி, ஓ, வி, புள்ளி, எல், கே என்று முடியும் பெயர்கள் அரச நிறுவனங்களுக்கு மட்டுமே கொடுக்கப்படுகின்றன. வெறும் எல்கே என்றால் யாரும் காசு கட்டி வாங்கலாம். கொம் என்பதும் அப்படித்தான். வருடத்துக்கு ஒரு சிறு தொகைதான். விற்பவர் பெரும்பாலும் "இந்தப் பெயர் உங்களுக்கு எதற்கு?" என்று கேட்பதில்லை.

பூட்டுப் படம் பற்றியும் சொல்ல வேண்டும். "பூட்டு இருந்தால் பயமில்லை" என்று பல வருடமாக எல்லோரும் சொல்லி வந்தார்கள். அந்தப் பூட்டின் பொருள், உங்களுக்கும் அந்தத் தளத்துக்கும் இடையில் போகும் தகவலை நடுவில் எவரும் வாசிக்க முடியாது என்பது மட்டுமே. அந்தப் பக்கத்தில் இருப்பவர் நல்லவரா என்பது பூட்டுக்குத் தெரியாது. திருடனும் இலவசமாகவே அதைப் பெறலாம். மக்கள் இதைப் பிழையாக விளங்கிக்கொள்கிறார்கள் என்றுதான் கூகுள் 2023இல் குரோமிலிருந்து அந்தப் பூட்டை எடுத்துவிட்டு வேறொரு குறியீடு வைத்தது.

முகவரியின் அழகை வைத்தும் முடிவு செய்ய முடியாது. பரீட்சைத் திணைக்களத்தின் தளத்தை எடுத்துக்கொள்ளுங்கள். டி, ஓ, ஈ, என், ஈ, டி, எஸ், புள்ளி, எல், கே. புதிதாகப் பார்ப்பவருக்கு இதுதான் போலி போலத் தெரியும். பெறுபேறு வரும் நாளில் "எக்ஸாம் ரிசல்ட்ஸ்" என்று அழகான பெயரில் யாராவது ஒரு லிங்கைக் குழுவில் போட்டால், அது உண்மை போலத் தெரியும். ஆகவே பார்வைக்கு எப்படி இருக்கிறது என்று பார்க்காதீர்கள். முன்பே தெரிந்த சரியான முகவரியோடு எழுத்தெழுத்தாக ஒத்துப்பாருங்கள்.

இவ்வளவையும் எழுதத் தூண்டிய விடயத்துக்கு வருகிறோம். சம்பந்தப்பட்டவரின் அனுமதியோடு, ஆளை அடையாளம் தெரியாதபடி எழுதுகிறோம்.

ஒரு நாள் இடைவேளை நேரத்தில் எங்கள் மாணவி ஒருவரின் உம்மா வந்தார். ஏ.எல். வரை படித்தவர். அவருடைய மாதர் சங்கத்தில் கணக்கு எழுதுவதே அவர்தான். கணவர் கட்டாரில். கணவர் அனுப்பிய பார்சல் ஒன்றுக்காக உண்மையிலேயே காத்துக்கொண்டிருந்த நேரத்தில், தபால் திணைக்களத்தின் பெயரில் ஒரு மெசேஜ் வந்திருக்கிறது. முகவரி போதாது, அறுபத்தைந்து ரூபாய் கட்டினால் மறுபடி அனுப்புவோம் என்று. லிங்கின் தொடக்கத்தில் திணைக்களத் தளத்தில் இருப்பது போலவே "எஸ்எல்போஸ்ட்" என்ற எழுத்துகள். அதன் பின் ஒரு சிறு கோடு, இன்னும் சில எழுத்துகள், கடைசியில் "டொப்". உண்மையான தபால் திணைக்களத்தின் தளம் "எஸ்எல்போஸ்ட்" என்பதற்குப் பிறகு கவ், எல்கே என்று முடியும். ஏ.டி.எம். காட் இலக்கத்தைப் போட்டிருக்கிறார். ஓடிபி வந்திருக்கிறது. அதையும் போட்டிருக்கிறார். போனது நாற்பத்தெட்டாயிரம் ரூபாய். ஓடிபி வந்த மெசேஜிலேயே தொகை ஆங்கிலத்தில் எழுதப்பட்டிருந்தது. அவர் பார்த்தது ஆறு இலக்கங்களை மட்டும்தான்.

"மூணு நாளா யாருக்கும் சொல்லல்ல டீச்சர். மாமிக்குத் தெரிஞ்சா என்ன சொல்லுவாங்க? போன மாசம் இதே மாதிரி ஏமாந்த ஒருத்தர எங்கட குரூப்புல எல்லாரும் சேர்ந்து சிரிச்சாங்க. நானும் அதுல சிரிப்புப் படம் ஒண்டு போட்டேன்."

அவரை வங்கிக்கு அழைத்துப் போனோம். காட்டை நிறுத்தினார்கள், முறைப்பாட்டை எழுதினார்கள். அன்றைக்கே சொல்லியிருந்தால் ஏதாவது செய்து பார்த்திருக்கலாம் என்றார் அங்கிருந்த அதிகாரி. கோபமாகச் சொல்லவில்லை. ஆனால் அந்த மூன்று நாளை யார் அவரிடமிருந்து எடுத்தது என்று யோசியுங்கள். திருடன் எடுத்தது காசை. மூன்று நாளை எடுத்தது நம்முடைய சிரிப்பு.

இப்படி ஒன்று நடந்துவிட்டால் செய்ய வேண்டியவை சில. காட்டின் பின்பக்கத்தில் இருக்கும் வங்கியின் இலக்கத்துக்கு அந்த நிமிடமே அழைத்துக் காட்டை நிறுத்துங்கள். மெசேஜில் வந்த இலக்கத்துக்கு அழைக்காதீர்கள். கடவுச்சொல்லைக் கொடுத்திருந்தால் உடனே மாற்றுங்கள். மெசேஜை அழிக்காதீர்கள், ஸ்கிரீன்ஷொட் எடுத்து வையுங்கள். இலங்கை சேர்ட் நிறுவனத்தின் 101 இலக்கத்துக்கு அறிவியுங்கள். பொலிஸிலும் முறைப்பாடு செய்யலாம். 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டம் நம் நாட்டில் இருக்கிறது. நடந்தது குற்றம். நீங்கள் குற்றவாளி அல்ல, குற்றத்துக்கு உள்ளானவர்.

நடக்காமல் இருக்க: வங்கிக்கும் தபாலுக்கும் மெசேஜில் வந்த லிங்க் வழியாகப் போகாதீர்கள். சரியான முகவரியை ஒரு தடவை வங்கியில் கேட்டு எழுதி வையுங்கள், அல்லது போனில் புக்மார்க் செய்து வையுங்கள். போன் தானாகவே கடவுச்சொல்லைப் போடும் இடத்தில் ஒரு நாள் போடாமல் நின்றால் சந்தேகப்படுங்கள். அது கண்ணை நம்புவதில்லை, எழுத்தை ஒத்துப்பார்க்கிறது. சுருக்கிய லிங்க், கியூஆர் படம் இரண்டும் முகவரியை மறைத்துவிடும். திறந்த பிறகு மேலே என்ன முகவரி வந்திருக்கிறது என்று பாருங்கள். ஓடிபி மெசேஜை முழுவதும் வாசியுங்கள், முதலில் தொகையை.

ஒரு எழுத்தைக் கவனித்தால் என்ன நடக்கும் என்பதற்கு நம் நாட்டோடு சம்பந்தப்பட்ட ஒரு சம்பவம் இருக்கிறது. 2016 பெப்ரவரியில் பங்களாதேஷ் மத்திய வங்கியின் கணக்கிலிருந்து திருடர்கள் கொம்பியூட்டர் வழியாகக் காசு அனுப்பும் கட்டளைகள் கொடுத்தார்கள். 81 மில்லியன் டொலர் பிலிப்பைன்ஸுக்குப் போய்விட்டது. இலங்கையில் உள்ள ஒரு அமைப்புக்கு 20 மில்லியன் டொலர் அனுப்பும் கட்டளையில், "பவுண்டேஷன்" என்ற ஆங்கிலச் சொல்லைப் பிழையாக எழுதியிருந்தார்கள். இடையில் இருந்த வங்கி அந்தப் பிழையைக் கண்டு, இது சரிதானா என்று திருப்பிக் கேட்டது. அந்த 20 மில்லியன் டொலரும் திருடருக்குக் கிடைக்கவில்லை.

அங்கே நடந்தது பெரிய தொழில்நுட்பம் ஒன்றுமில்லை. ஒரு சொல்லை எழுத்தெழுத்தாகப் பார்த்து, கேட்க வேண்டியவரிடம் கேட்டார்கள். கேட்டவரைப் பார்த்து எவரும் சிரிக்கவில்லை.

இந்த வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு சாப்பிட்டு முடித்து இருக்கும்போது, வீட்டில் உள்ளவர்களின் போன்களில் வந்து கிடக்கும் லிங்குகள் இரண்டு மூன்றை எடுத்து, திறக்காமல், பிள்ளைகளை வலமிருந்து எழுத்துக் கூட்டி வாசிக்கச் சொல்லுங்கள். பத்து நிமிடம் போதும். உங்கள் குழுவில் யாராவது "இது சரியான லிங்க்தானா?" என்று கேட்டால் மரியாதையாகப் பதில் சொல்லுங்கள். ஏமாந்துவிட்டேன் என்று யாராவது சொன்னால் முதலில் வங்கியின் இலக்கத்தை எடுத்துக் கொடுங்கள். பாடசாலை விடும் நேரத்துக்கு வந்தால் நாங்களும் பார்த்துச் சொல்வோம், இன்ஷா அல்லாஹ்.

வஸ்ஸலாம்.